சாப்பாட்டு ஜெபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுநாள் பள்ளியில் (சபையின் ஞாயிறு பள்ளியில்) பாடம் எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிள்ளைகள் திரித்துவத்தைப் பற்றிக் கேட்பதைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று. பெரியவர்களுக்கும் இதில் சந்தேகங்கள் உண்டு. ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்கக் கூச்சப்பட்டு நம்மிடம் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், அம்மா வழி உறவுக்காரர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். அதனால் இரண்டு பக்க வழக்கமும் இதில் வரும்.

பசிக்குது, சாப்பாடும் முன்னாடி இருக்கு. அப்புறம் எதுக்கு ஒரு ஜெபம்?

நன்றி சொல்லத்தான். மழை, மண், விதை, நாற்று நட்டவர், அறுத்தவர், லாரியில் ஏற்றி வந்தவர், அடுப்படியில் நின்றவர் என்று பல கைகள் பட்டுத்தான் சோறு தட்டுக்கு வருகிறது. அத்தனைக்கும் பின்னால் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அதை நினைத்து ஒரு நிமிடம் நிற்பதுதான் இந்த ஜெபம்.

நன்றியோடு "இதை ஆசீர்வதியும்" என்று கேட்பதும், சாப்பாடு இல்லாதவர்களை நினைப்பதும் சேர்ந்து வரும். ஆனால் அடிப்படை நன்றிதான். அதை மறந்துவிட்டால் இந்த ஜெபம் உணவின் மேல் போடுகிற மந்திரமாகிவிடும். கீழே வருகிற குழப்பங்களில் பாதி அதனால் வந்தவைதான்.

பைபிள்ல இப்படி ஜெபம் பண்ணணும்னு எங்க கட்டளை இருக்கு?

சாப்பிடுவதற்கு முன்னால் ஜெபிக்க வேண்டும் என்று நேரடிக் கட்டளை எங்கேயும் இல்லை. உபாகமம் 8:10இல் இருப்பது சாப்பிட்டுத் திருப்தியான பிறகு கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்பது. யூதர்கள் அப்பம் சாப்பிட்ட பிறகு இன்றும் நீளமான நன்றி ஜெபம் சொல்வது இதை வைத்துத்தான். சாப்பிடுவதற்கு முன் அவர்கள் சொல்வது, பூமியிலிருந்து அப்பத்தை விளையச் செய்கிற கடவுளைப் புகழ்கிற ஒரே ஒரு வாக்கியம்.

இயேசு இந்த வழக்கத்துக்குள் வளர்ந்தவர். ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த சம்பவம் நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. நான்கிலும் பிட்டுக் கொடுக்கிறதற்கு முன் ஜெபம் இருக்கிறது. நாலாயிரம் பேருக்குக் கொடுத்தபோதும், கடைசி இராப்போஜனத்திலும் அப்படியே. உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு ஊருக்கு அவரோடு நடந்துபோன இரண்டு பேருக்கு வழியெல்லாம் அவர் யாரென்று தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்து அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது (லூக்கா 24:30-31).

பிறகு அப்போஸ்தலரான பவுல், எந்த உணவையும் ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொண்டால் தள்ளத்தக்கதல்ல என்று எழுதினார் (1 தீமோத்தேயு 4:4-5). இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் பந்தியில் சாய்வதற்கு முன்னால் முதலில் ஜெபத்தைத்தான் ருசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆக, சட்டம் என்று ஒன்று இல்லை. ஆண்டவர் செய்ததைப் பார்த்துச் செய்து பழகிய வழக்கம் இது.

ஜெபம் பண்ணாம சாப்பிட்டா பாவமா? பாதி சாப்பிட்டப்புறம் ஞாபகம் வந்தா என்ன பண்றது?

பாவம் இல்லை. கட்டளையே இல்லை என்று மேலே பார்த்தோம். மறந்துபோனதற்காகக் கடவுள் கோபித்துக்கொண்டு அஜீரணத்தை அனுப்புவார் என்று சில பாட்டிமார் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அதை விட்டுவிடலாம்.

பாதியில் ஞாபகம் வந்தால் பாதியில் நன்றி சொல்லுங்கள். வாயில் இருக்கிறதைத் துப்பத் தேவையில்லை. முடித்த பிறகு ஞாபகம் வந்தால் இன்னும் நல்லது, உபாகமம் கேட்பதே அதைத்தான்.

எனக்கு ஜெபம் பண்ணவே வராது. என்ன சொல்லணும்?

பேசுகிற மாதிரி சொல்லுங்கள். "அப்பா, இந்தச் சாப்பாட்டுக்காக நன்றி. சமைத்தவர்களை ஆசீர்வதியும். இல்லாதவர்களுக்கும் கொடும். இயேசுவின் நாமத்தில், ஆமென்." இது போதும்.

சொந்தமாகச் சொல்ல வராவிட்டால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபமே இருக்கிறது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரி சாப்பாட்டு மேஜைக்கென்றே எழுதின மாதிரிதான். சங்கீதம் 145இல் 15, 16ஆம் வசனங்களும் பழைய வழக்கம். எல்லா உயிர்களும் உம்மை நோக்கிக் காத்திருக்கின்றன, நீர் கையைத் திறந்து அவற்றைத் திருப்தியாக்குகிறீர் என்ற பொருள் வரும். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (விசுவாசப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்கிற சின்னப் புத்தகம்) சாப்பாட்டுக்கு முன் வீட்டார் சொல்ல வேண்டியது என்று இந்த வசனங்களைத்தான் கொடுத்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டுவந்தார். நம்மூர் லூத்தரன் வீடுகளுக்கு இது ரொம்பப் பழைய சொத்து.

கத்தோலிக்க ஃபிரெண்ட் வீட்டுல சிலுவை போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி மனப்பாடமா சொல்றாங்க. எங்க வீட்டுல அப்பா அவர் மனசுல வர்றதைச் சொல்வார். எது சரி?

இரண்டும் சரி. கத்தோலிக்கர் சொல்வது லத்தீன் காலத்திலிருந்து வருகிற ஒரு சின்ன ஜெபம். "ஆண்டவரே, எங்களையும், உமது தாராளத்தால் நாங்கள் பெறப்போகிற இந்தக் கொடைகளையும் ஆசீர்வதியும்" என்பது அதன் சாரம். தமிழில் ஊருக்கு ஊர் வார்த்தை கொஞ்சம் மாறும். அவர்களிடம் சாப்பிட்ட பிறகு சொல்வதற்கும் தனி ஜெபம் உண்டு. கன்னியர் மடங்களிலும் குருமடங்களிலும் இரண்டையும் சொல்வார்கள். வீடுகளில் பின்னது பெரும்பாலும் நின்றுபோய்விட்டது.

மனப்பாட ஜெபத்தில் மனசு இருக்காது என்று நம் பக்கத்தில் குறை சொல்வார்கள். எங்கள் பக்கத்து அப்பாக்களின் "சொந்த" ஜெபத்தையும் பத்து நாள் கேட்டுப் பாருங்கள், அதுவும் வார்த்தை மாறாது. மனப்பாட ஜெபத்தில் ஒரு வசதி உண்டு: நாலு வயசுக் குழந்தை முதல் நினைவு தடுமாறுகிற தாத்தா வரை எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்.

கண்ணை மூடியே ஆகணுமா? பெண்கள் முக்காடு போடணுமா?

ஐந்தப்பத்தை ஆசீர்வதித்தபோது இயேசு வானத்தை அண்ணாந்து பார்த்தார் (மத்தேயு 14:19). கண்ணை மூடுவது கவனம் சிதறாமல் இருக்க நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. சின்னப் பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து பொரித்த மீனில் பெரிய துண்டு யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் திட்டாதீர்கள்.

முக்காடு விஷயத்தில் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறது. பிரதரன் சபைகளிலும் பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் எங்கே ஜெபித்தாலும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வார்கள். உங்கள் சபையின் வழக்கப்படி செய்யுங்கள், அடுத்தவர் தலையைப் பார்க்க வேண்டாம்.

வீட்டுல அப்பாதான் ஜெபம் பண்ணணுமா?

அப்படி ஒன்றும் இல்லை. பல வீடுகளில் அப்பா செய்வார், அவர் இல்லாதபோது அம்மா. பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம், சபையில் எழுந்து ஜெபிக்கிற தைரியம் அப்படித்தான் வரும். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "இன்னைக்கும் உப்புமாதான், ஆனாலும் நன்றி" என்று ஒரு வீட்டில் கேட்டிருக்கிறேன். அந்த ஜெபத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

பந்தி என்றால் வேறு. கல்யாண வீட்டில் முதல் பந்தி உட்கார்ந்ததும் ஐயரோ உபதேசியாரோ ஜெபிப்பார். கத்தோலிக்க வீடுகளில் சாமியார் மந்திரிப்பார், அதாவது ஆசீர்வதிப்பார். தென்மாவட்டங்களில் கோயில் அசனம் (சபையின் பொது விருந்து) என்றால் ஊரே வரிசையாக உட்கார்ந்திருக்கும், மைக்கில் ஒரே ஜெபம். அடுத்தடுத்த பந்திக்கு அவரவர் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

டீ, பஜ்ஜி, ஐஸ்கிரீமுக்கெல்லாம் ஜெபம் பண்ணணுமா?

எங்கே கோடு போடுவது என்று வேதத்தில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் உட்கார்ந்து சாப்பிடுகிற மூன்று வேளைக்கு ஜெபம், மற்றதற்கு இல்லை. சிலர் ஒரு வாய்த் தண்ணீருக்கும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் குடிப்பார்கள். அதுவும் அழகுதான். நொறுக்குத் தீனிக்கு ஜெபிக்கவில்லை என்று அடுத்தவரைக் குறை சொல்வதுதான் தவறு.

எங்க மாமா ஜெபம் பண்ண ஆரம்பிச்சா சாம்பார் ஆறிடுது. எவ்வளவு நேரம் பண்ணலாம்?

சாம்பார் ஆறாத நேரம்.

மிஷனரிகள், அரசாங்கம், வியாதிப்பட்ட உறவினர்கள், தம்பி மகனின் நீட் தேர்வு எல்லாவற்றையும் சாப்பாட்டு ஜெபத்தில் சேர்க்கிறவர்கள் உண்டு. அவையெல்லாம் ஜெபிக்க வேண்டியவைதான், அதற்குத்தான் குடும்ப ஜெபம் இருக்கிறது. வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:7). விருந்தாளிகள் காத்திருக்கும்போது நீட்டுவது, சமைத்தவருக்கும் மரியாதை இல்லை. மாமாவிடம் நேரே சொல்ல முடியாது என்றால், "மாமா, இன்னைக்குச் சின்னவன் ஜெபம் பண்ணட்டும்" என்று முந்திக்கொள்ளுங்கள்.

ஓட்டல்ல, ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி ஜெபம் பண்ணினா வேஷம் போடற மாதிரி ஆகாதா? பண்ணாட்டி வெட்கப்படற மாதிரி ஆகாதா?

மனுஷர் பார்க்க வேண்டும் என்று தெருச்சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றி மத்தேயு 6:5 எச்சரிக்கிறது. அதே சமயம் அப்போஸ்தலர் 27ஐப் பாருங்கள். பவுல் கைதியாக ரோமுக்குப் போகிற கப்பல் புயலில் மாட்டுகிறது. பதினாலாம் நாள், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுச் சாப்பிட்டார். கப்பலில் 276 பேர். மாலுமிகள், ரோமப் போர்ச்சேவகர், கைதிகள் என்று கலந்த கூட்டம். அவர் சாப்பிட்டதைப் பார்த்து அவர்களும் தைரியமடைந்து சாப்பிட்டார்கள்.

ஆகவே பிரச்சினை இடத்தில் இல்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி ஐந்து விநாடி நின்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எழுந்து நின்று சத்தமாக ஜெபித்துப் பக்கத்து மேஜைக்காரர் இட்லியோடு கையைப் பாதியில் நிறுத்தினால், அது மத்தேயு 6:5 பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

நான் கிறிஸ்தவன் இல்ல. கிறிஸ்தவ வீட்டுக்கு விருந்துக்குப் போனா என்ன பண்ணணும்?

பரிமாறினதும் ஒரு நிமிடம் பொறுங்கள், அவ்வளவுதான். யாராவது "ஜெபம் பண்ணிடலாமா?" என்பார்கள். அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். கண்ணை மூடுவதும் ஆமென் சொல்வதும் உங்கள் விருப்பம். அதற்குள் கைவைத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது, நல்ல வீட்டுக்காரர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: விருந்தாளி மனந்திரும்ப வேண்டும் என்று அவர் எதிரிலேயே சாப்பாட்டு ஜெபத்தில் கேட்காதீர்கள்.

ஜெபம் பண்ணிட்டா கெட்டுப்போன சாப்பாடு, சர்க்கரை வியாதிக்காரர் சாப்பிடற இனிப்பு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்களே?

பண்ணும். மாற்கு 16:18இல் சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்று இருக்கிறதே என்பார்கள். தேவனைப் பரீட்சை பாராதே என்று இயேசு சாத்தானிடம் சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது (மத்தேயு 4:7). எலிசா தீர்க்கதரிசியின் காலத்தில் கூழில் விஷக்காய் கலந்துவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டதும் தீர்க்கதரிசியின் சீடர்கள் பானையில் சாவு இருக்கிறது என்று கத்தினார்கள். யாரும் ஜெபம் பண்ணிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடவில்லை, முதலில் நிறுத்தினார்கள் (2 இராஜாக்கள் 4:38-41).

முதல் பதிலில் மந்திரம் என்று சொன்னது இதைத்தான். பவுல் உணவு ஜெபத்தினால் பரிசுத்தமாகும் என்று எழுதியது, சில உணவுகளை விலக்கச் சொன்ன போதகர்களுக்குப் பதிலாக. ஊசிப்போன குழம்பைப் பற்றி அவர் பேசவில்லை. நாற்றம் வந்தால் கொட்டுங்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன ஜிலேபிக்கு நன்றி சொல்லிவிட்டு பேரனிடம் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுல கோயில் பிரசாதம் தர்றாங்க. ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாமா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது, அதிகம் சண்டை வருவதும் இதில்தான். கொரிந்து சபையும் இதையேதான் பவுலிடம் கேட்டது. அந்த ஊரில் விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட இறைச்சி சந்தைக்கும் வரும். 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தால் அவர் மூன்று விஷயம் சொல்வது தெரியும். கடையில் விற்கிறதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். ஒருவர் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடுங்கள். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் நிமித்தமாகச் சாப்பிடாதிருங்கள்.

பிரசாதம் என்று சொல்லிக் கொடுப்பது மூன்றாவது வகை. அதனால்தான் பெந்தெகொஸ்தே சபைகளிலும், சிஎஸ்ஐ வீடுகளில் பலவற்றிலும் வாங்குவதில்லை. அக்கம்பக்கத்து அன்பாக மட்டும் எடுத்துக்கொண்டு வாங்குகிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். உணவு நம்மைத் தேவனுக்கு உகந்தவர்களாக்காது என்ற 8:8ஐக் காட்டுவார்கள். என் கருத்து: ஜெபத்தைச் சொல்லி அதை "மாற்றிவிடலாம்" என்று நினைப்பதுதான் மோசமான வழி. பவுல் சாப்பிடு என்றோ சாப்பிடாதே என்றோதான் சொல்கிறார், ஜெபித்துச் சுத்தப்படுத்திச் சாப்பிடு என்று அங்கே சொல்லவில்லை. தீபாவளி அதிரசமும் முறுக்கும் பலகாரமாக வந்தால் அது வேறு, அதை நன்றியோடு சாப்பிடுங்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புங்கள்.

மறுப்பதாக இருந்தால், "அக்கா, பிரசாதம் நாங்க எடுத்துக்கிறதில்ல, தப்பா நினைக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சிரித்து வாங்கிக்கொண்டு கொல்லைப்புறத்தில் கொட்டுவது, கொடுத்தவருக்குச் செய்கிற அவமானம்.

ஹலால் பிரியாணி?

மேலே சொன்ன முதல் இரண்டு வகையில் பாருங்கள். அறுக்கும்போது கடவுள் பெயரைச் சொல்வது விக்கிரகத்துக்குப் படைப்பதாகாது. கடையில் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படியே.

நான் கல்யாணம் ஆகி வந்த வீட்டுல எல்லாரும் இந்து. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினா மாமியார் முகம் மாறுது. நிறுத்திடவா?

நிறுத்த வேண்டாம். ஆனால் அவர் முகம் ஏன் மாறுகிறது என்று யோசியுங்கள். தான் சமைத்த சாப்பாட்டை மருமகள் சந்தேகப்பட்டு ஏதோ ஓதுகிறாள் என்று அவருக்குத் தோன்றலாம். கெட்டதை விரட்டுகிற ஜெபம் என்று நாமே பேசினால் அப்படித்தான் தோன்றும். ஒருநாள் அடுப்படியில் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள்: "அத்தை, சாப்பாடு கிடைச்சதுக்கும், நீங்க சமைச்சதுக்கும் நன்றிதான் சொல்றேன்." அப்புறம் அது உண்மையாகவும் இருக்க வேண்டும், ஜெபத்தில் அவர் பெயரைச் சேருங்கள்.

சாப்பிடுவதற்கு முன் இலையைச் சுற்றித் தண்ணீர் விடுகிற வழக்கம் உங்கள் மாமனாருக்கே இருக்கலாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு நொடி நிற்பது அந்த வீட்டுக்கு அந்நியமான விஷயம் இல்லை. சத்தமாகச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை, கேன்டீன் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும்.

லஞ்சப் பணத்துல வாங்கின சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணலாமா?

கேட்டவர் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று சொன்னார். நம்புவோம்.

அநியாயமாகப் பறித்ததைக் கடவுள் கொடுத்தார் என்று சொல்வது அவரையும் பங்காளியாக்குவது. வஞ்சனையினால் வந்த போஜனம் முதலில் இன்பமாக இருக்கும், பின்பு வாயெல்லாம் பருக்கைக்கல் என்கிறது நீதிமொழிகள் 20:17. வழி தெரிய வேண்டும் என்றால் வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவனாயிருந்த சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். சகேயு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). அந்த மேஜையில் ஜெபிக்கலாம்.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தட்டுக்கு முன் கைகூப்பினால் தடுக்காதீர்கள். அவர்கள் கணக்கு வேறு.

சண்டை போட்டுட்டு, இல்ல துக்கத்துல இருக்கும்போது நன்றி சொல்ல மனசே வரல. பொய்யா ஜெபம் பண்றதா?

பொய் வேண்டாம். "இன்றைக்கு எனக்கு நன்றி சொல்ல வரவில்லை, ஆனாலும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்" என்பதும் ஜெபம்தான். சங்கீதங்களில் முறையீடுகள் ஏராளம். துக்க வீட்டில் உறவினர்கள் சாப்பாடு கொண்டுவந்து வற்புறுத்தும்போது, துக்கப்படுகிறவரை ஜெபிக்கச் சொல்லாதீர்கள். வேறு யாராவது அவருக்காகச் சொல்லட்டும். சண்டை விஷயத்தில், ஜெபத்தைச் சாக்காக வைத்து எதிராளிக்குப் பாடம் நடத்துவது ("ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்குப் பொறுமையைக் கொடும்") கூடவே கூடாது.

எனக்குச் சோறு கொடுத்ததுக்கு நன்றின்னா, பட்டினி கிடக்கிறவனுக்குக் கடவுள் கொடுக்கலைன்னு ஆகாதா?

கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டது. இதைத் தட்டிக்கழிக்கிற பதில்கள் நிறைய உண்டு, நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. "அவனுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது, நன்றி" என்று ஒருவர் ஜெபித்தால் பையன் சொல்வது சரிதான், அது ஆலயத்தில் நின்று "மற்றவர்களைப்போல நான் இல்லை" என்று ஸ்தோத்திரம் பண்ணின பரிசேயனின் ஜெபம்.

ஆனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த வரியில் "எங்களுக்கு" என்றுதான் இருக்கிறது. அந்த "எங்களுக்கு" என் வீட்டுக் கதவோடு நின்றுவிடவில்லை. ஐயாயிரம் பேர் கதையிலும் இயேசு அப்பத்தை ஆசீர்வதித்துத் தானே வைத்துக்கொள்ளவில்லை, சீஷர் கையில் கொடுத்தார், அவர்கள் ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். மீதியான துணிக்கைகளையும் வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது (யோவான் 6:12-13). கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தபோது, நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் முகத்துக்கு நேரே சொன்னார் (1 கொரிந்தியர் 11:20-21). பட்டினிக்குக் காரணம் கடவுள் கொடுக்காதது என்பதைவிட, கொடுத்தது நடுவழியில் நின்றுபோனது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வறட்சியும் வெள்ளமும் வரும்போது அந்தப் பதிலும் முழுசாகப் போதாது என்று அவனிடமே சொன்னேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கிறார்கள். 1910இல் தொடங்கிய வழக்கம் அது, ஏழை வீடுகளும் விடாமல் செய்கின்றன. உலை வைக்கும்போதே ஒரு பிடியை ஒதுக்கி வையுங்கள், மாசக் கடைசியில் அது யார் வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.